கார் பேட்டரி எப்ப மாத்தணும்? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

தர்மபுரில ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பாக்குறேன், கிருஷ்ணகிரி, பாலக்கோடு, அரூர் வரைக்கும் வண்டி நின்னுடுச்சுன்னு கூப்பிட்டா போய் பாத்துட்டு வருவேன். போன்ல வர்றதுல பாதி பேட்டரி கேள்விதான், அதையெல்லாம் ஒரே இடத்துல எழுதி வெக்கிறேன். நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுதாங்க, வண்டி நடுரோட்டுல நிக்கிற வரைக்கும் பேட்டரிய விட்டு வெக்காதீங்க, அதே மாதிரி டெஸ்ட் பண்ணி பாக்காம யாரோ சொன்னாங்கன்னு புதுசும் வாங்காதீங்க. ரெண்டுலயும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கேள்வி: காலைல மட்டும் செல்ஃப் இழுத்து இழுத்து சுத்துது, ரெண்டாவது தடவை எடுத்துக்குது, அப்புறம் நாள் பூரா பிரச்சனை இல்ல. பேட்டரி போச்சா?

போகப்போகுதுன்னு அர்த்தம். ராத்திரி பூரா நின்ன வண்டிதான் பேட்டரியோட நிஜ நிலைமைய காட்டும், பகல்ல ஓட ஓட டைனமோ சார்ஜ் ஏத்திக்கிட்டே இருக்கறதால அதோட பலவீனம் தெரியாது. மார்கழி தை மாசத்துல இந்த கம்ப்ளைன்ட் எனக்கு நிறைய வரும், அதுலயும் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் குளிர் ஜாஸ்திங்கறதால அங்க இருந்து இன்னும் நிறைய. குளிர்ல பேட்டரிக்குள்ள நடக்கற ரசாயன வேலை மந்தமாயிடும், இன்ஜின் ஆயிலும் கெட்டியா இருக்கும், அதனால செல்ஃப் மோட்டாருக்கு அதிக கரண்ட் வேணும், ஆனா குடுக்க முடிஞ்சது கம்மி.

இதுல நிறைய பேர் குளிராலதான் பேட்டரி கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லீங்க, கெடுத்தது போன சித்திரை வைகாசி வெயில். பேட்டரியோட சூடு 10 டிகிரி கூடுனா உள்ள தகடு அரிக்கிற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும்னு ஒரு கணக்கு உண்டு. வெயில் காலத்துல பானெட்டுக்குள்ள என்ன சூடு இருக்கும்னு கைய வெச்சு பாத்தவங்களுக்கு தெரியும். வெயில்ல செத்தது குளிர்ல வெளிய தெரியுது, அவ்வளவுதான். அதனால நான் சொல்றது, ஐப்பசி கார்த்திகையிலயே ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க.

கேள்வி: ஒரு பேட்டரி எத்தனை வருஷம் வரணும்?

நம்ம பக்கம் 3 வருஷத்துல இருந்து 5 வருஷம், நான் பாக்கறதுல நிறைய 4 வருஷத்துக்கு முன்ன பின்ன முடியுது. தெனமும் 30, 40 கிலோமீட்டர் ஓடற வண்டில நல்லா வரும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போறது, மார்க்கெட்டுக்கு போறதுன்னு 2 கிலோமீட்டர் ஓட்டி ஆஃப் பண்ணி திரும்ப ஸ்டார்ட் பண்ற வண்டில சீக்கிரம் போயிடும், ஏன்னா ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்ட்டை திரும்ப ஏத்தற அளவுக்கு கூட இன்ஜின் ஓடறதில்ல.

3 வருஷம் முடிஞ்சதுன்னா அதுக்கப்புறம் 6 மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட். 5 வருஷம் ஆன பேட்டரிய வெச்சுக்கிட்டு திருப்பதி, பழனின்னு குடும்பத்தோட லாங் போகாதீங்க, டெஸ்ட்ல பாஸ் ஆனாலும் போகாதீங்க.

கேள்வி: வீட்டுலயே மீட்டர் வெச்சு பாக்க முடியுமா?

தாராளமா. கரண்ட் வேலை பாக்கறவங்க வெச்சிருக்கற சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்ல திருப்பி வெச்சு, சிவப்பு வயர ப்ளஸ்லயும் கருப்ப மைனஸ்லயும் தொட்டா போதும். ஆனா வண்டி ஓட்டிட்டு வந்த உடனே பாக்காதீங்க, அப்ப மேலாப்புல இருக்கற சார்ஜ்ல நம்பர் பொய்யா ஜாஸ்தி காட்டும், ராத்திரி விட்டு காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பாருங்க.

12.6 இல்ல 12.7 வந்தா ஃபுல் சார்ஜ். உள்ள 6 செல் இருக்கு, ஒவ்வொண்ணும் 2.1 வோல்ட்டுக்கு பக்கம், கூட்டிப் பாத்தா அதான். 12.4ன்னா முக்கால்வாசி, 12.2ன்னா பாதிதான் இருக்கு, 12க்கு கீழ போனா ஏறக்குறைய காலி.

இப்ப முக்கியமான விஷயம். 12.2 காட்டுதுன்னா பேட்டரி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, சார்ஜ் இல்லன்னுதான் அர்த்தம். வெளிய எடுத்து சார்ஜர்ல ஃபுல்லா ஏத்தி, ஒரு ராத்திரி சும்மா விட்டு திரும்ப பாருங்க. 12.6 நிக்கிதுன்னா பேட்டரி சார்ஜ பிடிச்சு வெக்குது, கீழ சொல்ற ஸ்டார்ட் டெஸ்ட்லயும் பாஸ் ஆச்சுன்னா வண்டில வேற எங்கயோ கோளாறு. ஏத்தியும் மறுநாள் 12.3க்கு இறங்கிடுச்சுன்னா அது சார்ஜ பிடிச்சு வெக்க முடியாத பேட்டரி, மாத்த வேண்டியதுதான்.

அடுத்து ஒரு ஆள ஸ்டார்ட் பண்ண சொல்லிட்டு மீட்டரையே பாத்துக்கிட்டு இருங்க. செல்ஃப் சுத்தற நேரத்துல வோல்ட் இறங்கும், அது சகஜம், ஆனா 10க்கு மேல நிக்கணும். 9.6க்கும் கீழ போச்சுன்னா, அதுவும் ஃபுல் சார்ஜ்ல இருக்கும்போதே போச்சுன்னா, முடிஞ்சது. 12.6 காட்டற பேட்டரி கூட இந்த டெஸ்ட்ல 8க்கு விழுந்ததை நான் நிறைய பாத்திருக்கேன், சும்மா இருக்கும்போது நல்லா இருக்கும், வேலை குடுத்தா படுத்துக்கும். கடையில லோடு டெஸ்டர் வெச்சு பாக்கறதும் இதே கதைதான், 15 செகண்டு கனமான லோடு குடுத்து எவ்வளவு தாங்குதுன்னு பாக்கறது. பேட்டரி விக்கிற கடையில டெஸ்ட் பண்ணும்போது நீங்க பக்கத்துல நின்னு அந்த முள்ள கண்ணால பாருங்க, வெக்கப்படாம கேளுங்க.

கேள்வி: பேட்டரி மேல இருக்கற கண்ணு பச்சையா இருக்கே, அப்ப நல்லாருக்குன்னுதானே?

6 செல்லுல ஒரே ஒரு செல்லுலதான் அந்த கண்ணு இருக்கு. மத்த 5ல ஒண்ணு செத்திருந்தாலும் அது பச்சையே காட்டும். கருப்பா தெரிஞ்சா சார்ஜ் கம்மி, வெள்ளையா வெளிறி தெரிஞ்சா உள்ள தண்ணி இறங்கிடுச்சுன்னு எடுத்துக்கலாம், ஆனா பச்சைய மட்டும் நம்பி உக்காராதீங்க.

கேள்வி: சாவி திருப்புனா டிக் டிக் டிக்னு மட்டும் சத்தம் வருது, சுத்தல.

வேகமா டிக்டிக்டிக்னு அடிச்சு உள்ள லைட்டெல்லாம் மங்குதுன்னா பேட்டரி டவுன், இல்லன்னா டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு ஹெட்லைட் பளிச்சுனு எரிஞ்சுக்கிட்டே இருந்தா பெரும்பாலும் செல்ஃப் மோட்டார் சைடு, புது பேட்டரி போட்டாலும் அதே டக்குதான் வரும்.

டெர்மினல பாக்காம பேட்டரிய மாத்தறது ரொம்ப நடக்குது, அது எனக்கு மனசு கேக்காத விஷயம். வெள்ளையாவோ பச்சை நீலமாவோ பூத்து கிடக்கும், கிளாம்ப கையில பிடிச்சு ஆட்டுனா சுத்தும். கழட்டி, சுடுதண்ணில ஆப்ப சோடா கலந்து ஊத்தி, பழைய பிரஷ்ல தேச்சு, நல்லா காய வெச்சு, இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவிட்டா போதும். கழட்டும்போது முதல்ல மைனஸ், மாட்டும்போது கடைசியா மைனஸ். இத மாத்தி செஞ்சு ஸ்பேனர் பாடில பட்டா தீப்பொறி பறக்கும். பேட்டரியில இருந்து வர்ற ஹைட்ரஜன் பத்திக்கற கேஸ், பக்கத்துல பீடி சிகரெட் கூடாது. இன்ஜின்ல இருந்து பாடிக்கு போற எர்த் வயரையும் ஒரு பார்வை பாத்துடுங்க, அது துரு பிடிச்சிருந்தாலும் இதே சத்தம்தான்.

கேள்வி: ஓடிக்கிட்டு இருக்கும்போது டேஷ்போர்டுல சிவப்பு பேட்டரி படம் எரியுது. பேட்டரி மாத்தணுமா?

அது பேட்டரி படமா இருந்தாலும் சொல்ற சேதி வேற. டைனமோ சார்ஜ் குடுக்கலன்னு அர்த்தம், இனிமே வண்டி பேட்டரில இருக்கறத தின்னுக்கிட்டுதான் ஓடுது.

ஒரு தடவை ராத்திரி ஒரு மணிக்கு தொப்பூர் கணவாய்ல இருந்து போன். பெங்களூர்ல இருந்து சேலம் போற குடும்பம், ரெண்டு சின்ன பசங்க, ஒரு பாட்டி. காவேரிப்பட்டணம் தாண்டறப்பவே சிவப்பு லைட் வந்திருக்கு, போன மாசம்தான் புது பேட்டரி போட்டோமேன்னு தைரியமா வந்துட்டாங்க. ராத்திரி நேரம், ஹெட்லைட்டு, ஏசி, பாட்டு எல்லாம் ஓடிட்டு இருந்தா 25, 30 ஆம்ப் இழுக்கும், 35 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், எத்தனை ஆம்ப எத்தனை மணி நேரம் குடுக்கும்ங்கற அளவு) பேட்டரி ஒரு மணி நேரம் தாங்குனா பெரிய விஷயம். கரெக்டா கணவாய் இறக்கத்துல ஹெட்லைட் மங்கி இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சு. இதுல கொடுமை என்னன்னா ஹசார்டு லைட் எரியவும் பேட்டரிதான் வேணும், அதுவும் எரியல. பின்னாடி லோடு லாரி வரிசையா இறங்கி வர்ற இடம் அது. வண்டி ஓட்டுனவர் எல்லாரையும் இறக்கி தடுப்புக்கு அந்தப்பக்கம் உக்கார வெச்சுட்டு போன் டார்ச்ச ஆட்டிக்கிட்டு நின்னாரு. நல்லபடியா முடிஞ்சது, ஆனா நான் போய் சேர்ற வரைக்கும் எனக்கே நெஞ்சு அடிச்சுக்குச்சு. பேட்டரி மேல ஒரு குத்தமும் இல்ல, டைனமோல கார்பன் பிரஷ் தேஞ்சு போயிருந்தது. போன மாசம் பழைய பேட்டரி டவுன் ஆனதுக்கும் அதுதான் காரணமா இருந்திருக்கும், யாரும் டைனமோவ மீட்டர்ல பாக்கல.

அதனால புது பேட்டரி போட்ட அன்னைக்கே இன்ஜின் ஓடறப்ப ஒரு தடவை மீட்டர் வெச்சு பாருங்க. 13.8ல இருந்து 14.5க்குள்ள இருக்கணும். 13க்கு கீழன்னா சார்ஜ் ஆகல. 15 தாண்டி நின்னா ஓவர் சார்ஜ், பேட்டரி கொதிக்கும், அழுகின முட்டை வாசனை வரும், பக்கவாட்டுல உப்பும். இப்ப வர்ற சில வண்டில கம்ப்யூட்டரே சார்ஜ ஏத்தி இறக்குறதால நம்பர் ஏற இறங்க இருக்கும், அதுல ஒரு நம்பர பாத்து பயப்படாம கொஞ்ச நேரம் ஓட விட்டு பாருங்க.

லைட் எரிஞ்சா உடனே என்ன செய்யணும்? ஏசி, பாட்டு, சார்ஜர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு டெம்பரேச்சர் முள்ள பாருங்க, சில வண்டில டைனமோவ சுத்தற பெல்ட்டுதான் வாட்டர் பம்ப்பையும் சுத்தும், பெல்ட் அந்துருந்தா இன்ஜினும் சூடாகும். வெளிச்சமா ஆள் நடமாட்டம் இருக்கற பங்க்கோ ஹோட்டலோ வந்ததும் நிறுத்திடுங்க. கணவாய்க்குள்ள மட்டும் இறங்காதீங்க.

கேள்வி: டிஸ்டில் வாட்டருக்கு பதிலா ஆர்ஓ தண்ணி ஊத்தலாமா?

வேணாம். ஆர்ஓ தண்ணிலயும் உப்பு மிச்சம் இருக்கும். போர் தண்ணிய பத்தி சொல்லவே வேணாம், நம்ம ரெண்டு மாவட்டத்து நிலத்தடி தண்ணில ஃப்ளோரைடு இருக்குன்னுதான் 2013ல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமே வந்துச்சு, கூடவே உப்பும் சுண்ணாம்பும் இரும்பும் இருக்கற தண்ணி, அதெல்லாம் தகட்ட கெடுக்கும். டிஸ்டில் வாட்டர் பாட்டில் விலை ஒண்ணும் பெருசில்ல. மேல் கோடு வரைக்கும் ஊத்துனா போதும், வழிய வழிய ஊத்தாதீங்க, ஆசிட் கண்டிப்பா ஊத்தாதீங்க, ஆவியாகி போறது தண்ணி மட்டும்தான், ஆசிட் உள்ளயே இருக்கும். ஆசிட் கைல பட்டா நிறைய தண்ணி விட்டு கழுவுங்க, கண்ணுல பட்டா கழுவிக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடுங்க. மெயின்டனன்ஸ் ஃப்ரீன்னு மூடி இல்லாம வர்றதுல இந்த வேலையே இல்ல.

வெயில் காலத்துல மாசம் ஒரு தடவை மூடி திறந்து பாருங்க. அடிக்கடி தண்ணி குறையுதுன்னா டைனமோ ஓவர் சார்ஜ் பண்ணுதான்னு பாக்கணும். ஒரே ஒரு செல்லுல மட்டும் குறைஞ்சா அந்த செல் முடியப்போகுது.

கேள்வி: நான் பெங்களூர்ல வேலை, கார் ஊர்ல நிக்குது, மாசம் ஒரு தடவைதான் வருவேன். வர்றப்பல்லாம் பேட்டரி டவுன்.

இந்த கேள்வி கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கு. வண்டி ஆஃப்ல இருந்தாலும் லாக்கு, அலாரம், கம்ப்யூட்டர் மெமரின்னு கொஞ்சம் கரண்ட் போய்க்கிட்டேதான் இருக்கும். 50 மில்லி ஆம்ப் வரைக்கும் சகஜம். ஒரு நாளைக்கு 1.2 ஏஹெச், 35 ஏஹெச் பேட்டரி ஒரு மாசத்துல காலி, ரெண்டு வாரத்துலயே பாதி போயிடும். இதுல ஜிபிஎஸ், டேஷ்கேம்னு வெளில வாங்கி மாட்டுனது இருந்தா இன்னும் சீக்கிரம்.

டவுன் ஆனா சார்ஜ் ஏத்திக்கலாம்னு விடாதீங்க. காலியா கிடக்கற பேட்டரில தகட்டு மேல சல்ஃபேட் கல்லு மாதிரி படிஞ்சிடும், அது திரும்ப கரையாது, ஒவ்வொரு தடவை டவுன் ஆகும்போதும் பேட்டரியோட ஆயுசுல கொஞ்சம் போகுது. ஊருக்கு போகும்போது மைனஸ் கேபிள கழட்டி வெச்சுட்டு போங்க, 10 நம்பர் ஸ்பேனர் ஒண்ணு போதும். (டைம், ரேடியோ செட்டிங் அழியும், சில வண்டில ரேடியோ கோடு நம்பர் (code) கேக்கும், அத முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க.) அப்பாகிட்ட சொல்லி வாரம் ஒரு தடவை 5 நிமிஷம் வாசல்லயே ஸ்டார்ட் பண்ணி விட சொல்றீங்களே, அதுல பிரயோஜனம் இல்ல, ஸ்டார்ட்டுக்கு போனது கூட திரும்ப வராது. ஓட்டுனா அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டணும்.

கேள்வி: ஆடி 18க்கு ஒகேனக்கல் போயிட்டு வர்றப்ப ஸ்டார்ட் ஆகல, பேட்டரி வாங்கி ஒரு வருஷம்தான் ஆச்சு.

டிக்கிய திறந்து வெச்சு சாப்பாடு, கதவ திறந்து வெச்சு பாட்டு, பசங்க ஏசி கேக்கறாங்கன்னு சாவி ஆன்லயே ஃபேன், நாலஞ்சு மணி நேரம். பேட்டரி தப்பு பண்ணல. சார்ஜர்ல போட்டு மெதுவா ஏத்துங்க, ஏஹெச்ல பத்துல ஒரு பங்கு, அதாவது 35 ஏஹெச்சுக்கு 3.5 ஆம்ப். அன்னைக்கே ஏத்திட்டா ஒண்ணும் ஆகாது.

கேள்வி: ரோட்டுல நின்னா லாரிகாரர்கிட்ட ஜம்ப் எடுக்கலாமா?

எடுக்காதீங்க. பெரிய லாரி, பஸ் எல்லாம் 24 வோல்ட், ரெண்டு பேட்டரி சேத்து போட்டிருப்பாங்க. உங்க கார் 12. கம்ப்யூட்டர், ஸ்டீரியோ எல்லாம் எரிஞ்சுடும். உதவி பண்ண வர்ற டிரைவர் அண்ணனுக்கு நல்ல மனசுதான், ஆனா இன்னொரு காருக்கு காத்திருங்க.

சிவப்பு வயர் முதல்ல டவுன் ஆன பேட்டரி ப்ளஸ், அடுத்து நல்ல பேட்டரி ப்ளஸ். கருப்பு முதல்ல நல்ல பேட்டரி மைனஸ், கடைசி முனைய டவுன் ஆன வண்டி இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இரும்புல மாட்டுங்க, பேட்டரி மேல வேணாம், அங்கதான் கேஸ் இருக்கும். அஞ்சு நிமிஷம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மாட்டுனதுக்கு தலைகீழா கழட்டுங்க.

கேள்வி: தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

கியர் வண்டின்னா அவசரத்துக்கு பண்ணலாம். ஆட்டோமேட்டிக்ல ஆகாது.

கேள்வி: மாத்தறதுன்னு முடிவாச்சு, எத வாங்கறது?

எக்ஸைடு ஃபேக்டரி நம்ம ஓசூர் பக்கத்துலயே இருக்கு, அமரான் திருப்பதி பக்கம், ரெண்டும் நம்ம ஊருக்கு தூரம் இல்ல. அதுக்காக கடையில இருக்கறது புதுசுன்னு அர்த்தம் இல்லீங்க. பேட்டரில தயாரிச்ச மாசம் வருஷம் குத்தியிருக்கும் இல்ல கோடு நம்பரா (code) போட்டிருக்கும், கடைக்காரர படிச்சு சொல்ல சொல்லுங்க, 6 மாசத்துக்கு மேல கடையில தூங்குனத வாங்காதீங்க. பெயர விட அந்த தேதி முக்கியம்னு நான் நினைக்கிறேன். வாங்கும்போதே மீட்டர் வெச்சு 12.5க்கு மேல இருக்கான்னு பாருங்க.

கம்பெனி போட்டு குடுத்த ஏஹெச்சும் சைஸும்தான் வாங்கணும். பழைய பேட்டரில 38பி20எல் மாதிரி எழுதியிருக்கும், அதுல 20ங்கறது நீளம் சென்டிமீட்டர்ல, கடைசி எல், ஆர் டெர்மினல் எந்தப்பக்கம்னு சொல்றது, அது மாறிப்போனா கேபிள் எட்டாது, இழுத்து மாட்டுனா என்னைக்காவது பாடில உரசும்.

சிக்னல்ல நின்னா தானா ஆஃப் ஆகி தானா ஸ்டார்ட் ஆகற வண்டின்னா அதுக்குன்னே இருக்கற இஎஃப்பி இல்ல ஏஜிஎம் பேட்டரிதான் போடணும். விலை ஜாஸ்திதான், ஆனா சாதாரணத போட்டா அந்த வேலைய தாங்காது, சீக்கிரம் திரும்ப வந்து நிப்பீங்க.

கேள்வி: ரீகண்டிஷன் பேட்டரி பாதி விலைக்கு கிடைக்குதே?

காருக்கு வேணாம். எந்த தகடு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு வெளில இருந்து யாருக்கும் தெரியாது.

கேள்வி: 60 மாசம் வாரண்டின்னு சொன்னாங்க, 40வது மாசம் போனா காசு கேக்கறாங்க.

பல மாடல்ல முதல் பாதி மாசங்கள்தான் ஃப்ரீயா மாத்தி குடுப்பாங்க, மீதி மாசத்துக்கு ப்ரோ ராட்டான்னு புது பேட்டரி விலைல ஒரு தள்ளுபடி மட்டும்தான். எத்தனை ஃப்ரீ, எத்தனை ப்ரோ ராட்டான்னு வாங்கறப்பவே கேட்டு கார்டுல சீல், தேதி, வண்டி நம்பர் எழுதி வாங்குங்க, பில்லோட சேத்து போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. வெயில்ல அந்த பேப்பர் எழுத்து ரெண்டு வருஷத்துல மங்கிடும்.

கேள்வி: பழைய பேட்டரிய என்ன பண்றது?

கடையிலயே குடுங்க, உள்ள இருக்கற ஈயத்துக்கு மதிப்பு உண்டு, புது பேட்டரி விலைல கழிச்சுக்குவாங்க. 2022 பேட்டரி கழிவு விதிப்படி கம்பெனிங்க பழச திரும்ப சேகரிச்சு மறுசுழற்சிக்கு அனுப்பணும். எடைக்கு போடறவங்ககிட்ட குடுத்தா ஆசிட்ட ஏதாவது ஓடைல ஊத்திட்டு ஈயத்த மட்டும் எடுத்துட்டு போற ஆபத்து இருக்கு, அது கிணத்து தண்ணிலதான் போய் சேரும். மாத்திட்டு தோட்டத்து கொட்டாயில ஒரு மூலைல வெச்சிருக்கீங்கன்னா அதையும் எடுத்துட்டு வந்துடுங்க, சாய்க்காம, நிமிர்த்தி வெச்சு.